பெயரிட்டோரும் பெயர் பெற்றோரும்: மிஷனரி எழுத்திலே குழந்தை

கிறித்தவ மிஷனரிமார் தமிழ்ச் சூழலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்ட முறைமை பற்றி நமது ஆய்வாளர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த றொபேட் டி நொபிலி காவியுடை தரித்துப் புலாலுணவை நீக்கியமையும், வீரமாமுனிவர் தமிழ்ப் புலவராகவே வாழ்ந்தமையும் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுவன. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் (1856) மைறன் வின்ஸ்லோவின் அகராதியும் (1862) அவ்வழியே மதிப்பிடப்பட்டுள்ளன. இவ்வாய்வுகளை ஒருசேர நோக்குமிடத்து, உடையும் மொழியுமே அவற்றின் அளவுகோல்களாக அமைந்திருத்தலைக் காணலாம். அந்நியன் வேட்டி கட்டினானா, செந்தமிழ் எழுதினானா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

ஆயின் மிஷனரிப் பணியின் பெரும்பகுதி புலவரவையிலன்றிக் குழந்தைகள் நடுவிலேயே நடைபெற்றது. விடுதிப் பாடசாலை, அநாதை இல்லம், தையல் வகுப்பு ஆகியனவே அதன் களங்கள். வயது வந்த ஒருவர் தாமே விரும்பி உடையை மாற்றுதல் ஒன்று; ஆறு வயதுக் குழந்தை பங்களாவின் படியேறியதும் அதன் பாய், கிண்ணம், கடவுள், பெயர் யாவும் மாறிவிடுதல் வேறொன்று. முன்னதற்கு நூல்களுண்டு. பின்னதைப் பற்றி அந்நூல்களே என்ன சொல்கின்றன, எதனைச் சொல்லாது விடுகின்றன என்பதை இக்கட்டுரையிலே ஆராய விழைகிறோம். பெயர் என்னும் ஒரே இழையைப் பற்றிக்கொண்டு செல்வதே நமது முறை.

இவ்வினா நமக்கு நூலகத்தில் எழுந்ததன்று. 2009ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி, முள்ளிவாய்க்காலை அடுத்த வட்டுவாகலிலே கத்தோலிக்க குரு ஒருவர் சரணடைந்தோரின் பெயர்களைத் தாளிலே பதிந்தார் எனக் கண்டோர் கூறுவர். அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். அந்தத் தாளைப் பற்றி இறுதியிலே பேசுவோம். அதற்கு முன், நம் நாட்டிலே மிஷனரிமார் குழந்தைகளின் பெயர்களை எழுதத் தொடங்கிய காலத்துக்குச் செல்லுதல் அவசியமாகின்றது. அதற்குக் குடாநாட்டுக்கே செல்லவேண்டும். அமெரிக்க மிஷனின் நிலையங்கள் அங்கேயே அமைந்தன. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகளில் வன்னி காடும் குளமும் காய்ச்சலுமாகவே காட்சியளிக்கிறது. ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூல் பயன்மிக்கதே. ஆயினும் அதுவும் ஓர் அரச உத்தியோகத்தரின் பார்வைதான்.

ஹரியற் வின்ஸ்லோ 1819ஆம் ஆண்டு கணவர் மைறனுடன் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு அவ்வாண்டின் இறுதியில் இலங்கை வந்தார். 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். இன்றைய உடுவில் மகளிர் கல்லூரியின் தோற்றம் அதுவே. 1833இல் அவர் இறந்தபின் கணவர் தொகுத்த நினைவுநூல் 1835இல் வெளிவந்தது. கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் இணைத்துப் பக்தி வாழ்வொன்றைச் சமைத்துக்காட்டும் அக்கால நூல்வகையைச் சார்ந்தது அது. புதிய மண்ணிலே ஒரு பெண் பட்ட பாடும், நோயும், பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரும் அதிலே உண்மையாகவே பதிவாகியுள்ளன. அத்துயரை எள்ளிநகையாடுவோர் விமர்சகராகார்.

ஆனால் அவ்வாழ்வின் ஒரு நிகழ்ச்சி வாசகரை நிறுத்திவைப்பது. வின்ஸ்லோ தம்பதியர் தம் மகன் சாள்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். தமிழ்ச் சூழலிலே வளர்தல் பிள்ளையின் ஒழுக்கத்துக்கும் விசுவாசத்துக்கும் கேடாகும் என்பதே அக்கால மிஷனரிக் குடும்பங்களின் பொதுவான அச்சம். 1832இல் நியூயோர்க்கை அடைந்த சிறுவன் அங்கே இறந்துபோனான். ஊரார் வீட்டுப் பெண்பிள்ளைகளை அவர்தம் சூழலிலிருந்து பிரித்து விடுதியிலே வளர்த்த தாய், தன் பிள்ளையை அதே சூழலிலிருந்து காக்கக் கடல் கடத்தினாள். உடையிலும் மொழியிலும் எவ்வளவு இயைபு ஏற்பட்டிருப்பினும், சொந்தப் பிள்ளை என்னும் எல்லைக்கல்லிலே அது நின்றுவிட்டது. இதனை வஞ்சகம் என்று கூற நாம் முன்வரவில்லை. அப்பெண்ணும் அதற்கு விலை கொடுத்தாள்.

பெயர் விடயத்துக்கு வருவோம். விடுதிப் பிள்ளைகளின் செலவுக்கு அமெரிக்காவிலுள்ள தருமவான்களும் சபைகளும் ஆண்டுதோறும் பணம் அனுப்பினர். பணம் அனுப்பியவர் விரும்பிய பெயர் பிள்ளைக்கு இடப்பட்டது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை என்றெல்லாம் நமது இலக்கிய வரலாறுகளில் வரும் பெயர்களின் முற்பகுதி இவ்வாறு வந்து சேர்ந்தது. மாணவர் இதனை ஆங்கில மோகத்தின் அடையாளமாகவோ ஞானஸ்நான வழக்கமாகவோ எண்ணிக் கடந்துவிடுவர். உண்மையில் அது ஒரு பற்றுச்சீட்டு. ஒரு பிள்ளையின் நெற்றியிலே ஒட்டப்பட்ட பற்றுச்சீட்டு எனினும் பொருந்தும்.

அப்பிள்ளைகள் வளர்ந்தபின் செய்ததே நம் கவனத்துக்குரியது. அவர்கள் அந்நியப் பெயரை முற்றாகக் களைந்தாரில்லை. தகப்பனிட்ட பெயரையும் விட்டாரில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதினர். ‘உதயதாரகை’யின் ஆசிரியராக விளங்கிப் ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886) எழுதிய சதாசிவம்பிள்ளையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான விசுவநாதபிள்ளையும் அவ்வாறே அறியப்பட்டனர். உண்மையான பண்பாட்டு இயைபு என்று ஒன்றைச் சுட்டவேண்டுமாயின், மிஷனரியின் வேட்டியைக் காட்டிலும் இவ்விரட்டைப் பெயரையே நாம் சுட்டுவோம். ஆனால் இது ஆண்பிள்ளைகளின் கதை. பத்திரிகையும் பட்டமும் அவர்களுக்குக் கிட்டின. அவற்றைக் கொண்டு பெயரை மீட்டனர். உடுவில் விடுதியிலே அவ்வாறு பெயர் பெற்ற பெண்பிள்ளைகள் நமது இலக்கிய வரலாற்றிலே எவ்வாறு இடம்பெறுகின்றனர்? பெரும்பாலும் இன்னாரின் மனைவி என்றே.

மிஷன் உண்மையிலே எதற்கு இயைந்தது என்பதையும் நேராகக் கூறவேண்டும். ஆரம்பகால விடுதிகளிலே உயர்சாதிப் பிள்ளைகள் கிறித்தவர் வளவிலே சமைத்ததை உண்ண மறுத்தபோது, அயலிலுள்ள சைவர் ஒருவரின் காணியிலே சமையற் கொட்டில் போடப்பட்டது. உடுவிலிலே கற்றுக் கிறித்தவரை மணந்த பெண்களுக்கு மிஷனே சீதனம் வழங்கியது. ஒருபுறம் சாதியையும் சீதனத்தையும் கண்டித்த மிஷன், மறுபுறம் அவற்றின் சட்டங்களுக்குப் பணிந்தே பிள்ளைகளைத் திரட்டிற்று. ஆகவே இயைபு என்பது ‘தமிழ்ப் பண்பாடு’ என்னும் பொதுப்பொருளோடு ஏற்பட்ட ஒன்றன்று. நிலவுடைமை கொண்ட வெள்ளாள மேலாதிக்கத்தோடு ஏற்பட்ட உடன்பாடு அது. அந்த உடன்பாட்டுக்குள் இடமில்லாத பிள்ளைகள் அதே யாழ்ப்பாணத்திலே இருந்தனர். உயர்சாதிப் பிள்ளையின் பந்தியைக் காக்க எழுந்த கொட்டிலிலே அவர்களுக்குப் பந்தி இருந்திராது.

கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்று ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. திருநெல்வேலிச் சீமையிலே டோனாவூர் என்றோர் ஊர் உண்டு. றெனியஸ் பாதிரியார் காலத்திலே, ஆலயத்துக்குப் பொருளுதவி செய்த டோனா என்னும் பிரஷ்யப் பிரபுவின் பெயரால் அது வழங்கலாயிற்று. பணம் கொடுத்தவர் பெயர் யாழ்ப்பாணத்திலே பிள்ளைக்கு, திருநெல்வேலியிலே ஊருக்கு. அவ்வூரிலேதான் ஏமி கார்மைக்கேல் தம் வாழ்வின் பாதியை மிஞ்சிய காலத்தைக் கழித்தார்.

அயர்லாந்தின் வடபகுதியிலே 1867இல் பிறந்த கார்மைக்கேல் 1893இல் ஜப்பானுக்குச் சென்றார். நோயால் அங்கிருந்து நீங்கிச் சில காலம் கொழும்பிலும் தங்கினார். 1895இல் இந்தியா வந்தவர் 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை தாயகம் திரும்பவில்லை. 1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த ஏழு வயதளவான சிறுமி ஒருத்தி தப்பியோடி அவரிடம் வந்து சேர்ந்தாள். பிரீனா என அறியப்படும் அச்சிறுமியின் வருகையே டோனாவூர் இல்லத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

கார்மைக்கேல் சேலை உடுத்தார். அதனைச் சுற்றி ஒரு புராணமே வளர்ந்துள்ளது. சிறு வயதிலே நீலக் கண்களை வேண்டி மன்றாடியதாகவும், கடவுள் தந்த பழுப்புக் கண்களே பின்னர் கோயிற் புறங்களிலே தமிழ்ப் பெண்போல் நடமாட உதவியதாகவும் அவரைப் பற்றிய சிறுவர் நூல்கள் கூறும். இக்கதை மெய்யோ அன்றோ, அதன் பொருள் நமக்கு உவப்பானதன்று. பிறர் அறியாதபடி கலந்துவிடுதல் மாறுவேடமாகுமேயன்றி இயைபாகாது. சேலையைப் பற்றி இவ்வளவு எழுதும் நூல்கள் அதிலும் முக்கியமான ஒன்றைப் போகிற போக்கிலேயே குறிப்பிடுகின்றன. அதுவே டோனாவூரின் உறவுமுறைப் பெயர்கள்.

அங்கே கார்மைக்கேலைக் குழந்தைகள் ‘அம்மா’ என்றும் ‘அம்மை’ என்றும் அழைத்தனர். இல்லத்திலே பணிபுரிந்த தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’, கடல்கடந்து வந்த வெள்ளைப் பெண்கள் ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’. நிறுவனமொன்று குடும்பமாகத் தன்னை எண்ணிக்கொள்ளத் தமிழ் உறவுச் சொற்களையே எடுத்தமை மேலோட்டமான ஒப்பனையன்று. தமிழிலே அந்நியரை உள்ளே எடுப்பதற்கு உறவுமுறையைக் காட்டிலும் வலிய வழி வேறில்லை. பேருந்திலே பக்கத்தில் இருப்பவரும் நமக்கு அண்ணன்தானே! ஆயினும் அச்சொற்களைச் சற்று ஊன்றிப் பார்க்குமிடத்து வேறொன்றும் புலனாகின்றது. அக்காள் குழந்தையின் தலைமுறையைச் சேர்ந்தவள். சித்தியோ தாயின் தலைமுறை. குழந்தையின் மூக்கைச் சீந்திவிட்டு, இராக்கண்விழித்து, பால் கரைத்துக் கொடுத்த தமிழ்ப் பெண், நேற்று வந்திறங்கிய வெள்ளைப் பெண்ணுக்கு ஒரு தலைமுறை இளையவளாகிவிடுகிறாள். இதனை எவரும் திட்டமிட்டுச் செய்தார் என்று நாம் கூறவில்லை. காலனித்துவ அதிகாரம் அன்பின் மொழிக்குள்ளும் தன் படிநிலையை அமைத்துக்கொள்ளும் என்பதற்கு இதனினும் நுண்ணிய சான்று கிடைப்பது அரிது.

அவர் எழுதிய நூல்கள் பல. 1903இல் வெளிவந்த ‘உள்ளவை உள்ளபடி’ எனப் பொருள்படும் நூல், மிஷன் அறிக்கைகளின் பொய்யான உற்சாகத்துக்கு எதிராக எழுதப்பட்டது. தோல்விகளை மறையாது கூறும் துணிவு அதிலுண்டு. யதார்த்தவாதத்தை மதிப்போர் அதனைப் புறக்கணித்தல் நியாயமன்று. எனினும் அந்த யதார்த்தம் அரைவழியிலேயே நின்றுவிடுகிறது. சிறுமி கோயிலுக்குப் போவதற்கு ‘இருளின் வல்லமை’யே அவர் காட்டும் காரணம். நிலம் யாருடையது, மானியம் யாருக்கு, எந்தச் சாதியினரின் புரவலர் பணம் அம்முறையைத் தாங்கிற்று என்னும் வினாக்கள் அவரிடம் எழவேயில்லை. 1909ஆம் ஆண்டின் ‘தாமரை மொட்டுகள்’ எனப் பொருள்படும் நூல் புகைப்படங்கள் நிறைந்தது. குழந்தைகள் அதிலே செல்லப்பெயர்களோடு உலாவுகின்றனர். அழகிய நூல்தான். ஆனால் அக்குழந்தைகள் ஆங்கில வாசகரின் மடியிலே அமர்த்தப்பட்டவர்கள். அவர்கள் பேச்சு அவ்வாசகரின் புன்னகைக்கென எடுத்துக் கோக்கப்பட்டது.

இதே பொருளை உள்ளிருந்து எழுதியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவரது ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ (1936) கலைநயத்தால் உயர்ந்த நாவல் என்று எவரும் வாதிடார். பிரசாரம் அதிலே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் அங்கே தாசிப் பெண் மீட்கப்படக் காத்திருப்பவளல்லள். தானே கணக்குக் கேட்கிறாள், வாதாடுகிறாள், தன்போன்றோரைச் சேர்க்கிறாள். அம்மரபிலே பிறந்த தாயின் மகளான முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டசபையிலே தீர்மானம் கொணர்ந்தார். 1947இல் சட்டம் நிறைவேறிற்று. கார்மைக்கேல் தனித்தனிக் குழந்தையாகக் காப்பாற்றினார். இவர்கள் அம்முறையையே ஒழிக்க முற்பட்டனர். முற்போக்காளர் இரண்டாவதையே போற்றுவர், நாமும் அவ்வாறே. ஆயினும் 1901இல் வாசலிலே வந்து நின்ற சிறுமிக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்திருக்கும்? இவ்வினாவுக்கு நம்மிடையேயுள்ள சில விமர்சகர், எல்லா மிஷனரிமாரையும் ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் எனும் ஒரே சொல்லால் முடித்துவிடுவோர், விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

அவர் நூல்களிலே நாம் சிறந்ததாகக் கருதுவது அதிகம் புகழப்பெறாத ‘மிமோசா’ (1924). டோனாவூரிலே ஒரு பிற்பகல் மட்டும் இருந்து, தகப்பன் மறுத்தமையால் ஊருக்குத் திரும்பி, இருபதாண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்த ஒரு பெண்ணின் வரலாறு அது. கார்மைக்கேல் அவ்வாழ்வைக் கண்டவரல்லர். அப்பெண் சொல்லக் கேட்டே எழுதவேண்டியவரானார். அதனாலேயே வறுமையும் கடனும் உறவினர் ஏளனமும் பிள்ளைப் பேறும் வேறெந்த நூலிலும் இல்லாத திண்மையோடு அதிலே வருகின்றன. ஆசிரியர் கேட்பவராக மாறிய ஒரே இடம் அது. அங்கும் பெயர் ஆசிரியர் இட்டதே என்பதை மறந்துவிடலாகாது.

டோனாவூரிலே அவரது புதைகுழியின்மேற் கல்லறை எழுப்பப்படவில்லை. அவர் வேண்டியது அது. பறவைகள் நீரருந்தும் கற்றொட்டி ஒன்று வைக்கப்பட்டு, ‘அம்மை’ என்னும் சொல் மட்டும் பொறிக்கப்பட்டது. அயர்லாந்திலே பெற்றோர் இட்ட பெயர் அதிலே இல்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குப் பெயரிட்டவர் இறுதியிலே குழந்தைகள் இட்ட பெயரை ஏற்றார். சேலையை விடுத்து இதனையே அவரது இயைபின் சான்றாக நாம் கொள்கிறோம்.

இனி வன்னிக்கு வருவோம். இடைப்பட்ட நூற்றாண்டிலே வன்னி வெறும் காடாக இருக்கவில்லை. குடியேற்றத் திட்டங்கள், 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்தோர், மலையகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் என அங்கு குழந்தைகளும் பெருகினர். அங்கிலிக்கன் மிஷனரிப் பெண்ணொருவர் கிளிநொச்சியிலே தொடங்கிய கருணா நிலையம் போன்ற இல்லங்களின் வரலாறு தனி ஆய்வுக்குரியது. போரின் பின் இல்லங்கள் மேலும் தோன்றின. அவற்றோடு பழைய வழக்கம் புதிய உருவிலே திரும்பிற்று. வெளிநாட்டிலுள்ள கொடையாளருக்கு மாதந்தோறும் ஒரு குழந்தையின் படம் அனுப்பப்படுகிறது. கொடையாளர் இப்போது பெயரிடுவதில்லை. பெரும்பாலும் அவர் நம்மவரே; ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து பணம் அனுப்பும் உறவினர் போன்றவர். ஆனால் படத்திலே குழந்தை சிரிக்கவேண்டும் என்னும் விதி மாறவில்லை. இதனை எழுதும்போது நமக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. அத்தகைய படமொன்று நம்மிற் பலர் வீட்டிலும் இருக்கும்.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலே வன்னியின் சனத்தொகை முழுவதும் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கரையிலே நெருக்கப்பட்டது. கொல்லப்பட்ட பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறிற்று. அது மதிப்பீட்டுத் தொகை; பெயர்ப் பட்டியலன்று. குருமாரும் கன்னியருஞ் சிலர் இறுதிவரை மக்களோடு இருந்தனர். அவர்களுள் ஒருவரான சரத்ஜீவன் அடிகளார் மே 18ஆம் திகதி மாரடைப்பால் மாண்டார். மற்றொருவர், முன்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கிய பிரான்சிஸ் ஜோசப் அடிகளார்.

ஐரோப்பிய மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டிலே வளர்த்தெடுத்த கல்லூரி அது. அதன் தலைமையை வகித்த தமிழ்க் குரு, மொழியையோ உடையையோ கற்கவேண்டியவரல்லர். ஆயினும் குடாநாட்டுக் கல்லூரி அதிபரின் நாற்காலியிலிருந்து முள்ளிவாய்க்காலின் பதுங்குகுழிக்குள்ள தூரம், கொனெற்றிக்கற்றிலிருந்து உடுவிலுக்குள்ள தூரத்திற் குறைந்ததன்று. அந்நாளிலே அவர் சரணடைவோருடன் சென்றார். அவர்களின் பெயர்களைப் பதிந்தார் எனவும், அவர்களோடு பேருந்திலேறினார் எனவும் சாட்சிகள் கூறியுள்ளனர். பெற்றோருடன் சென்ற பச்சிளங் குழந்தைகளும் அதிலே இருந்தனர். அவரும் திரும்பவில்லை, அவர்களும் திரும்பவில்லை.

மிஷனரி எழுத்து என்னும் நெடிய வரிசையிலே அந்தத் தாளையும் நாம் வைக்கிறோம். முன்னைய நூல்களிலே பிள்ளையின் பெயர் கொடையாளரின் பெயராயிற்று. பின்னர் ஆசிரியர் சூட்டிய செல்லப்பெயராயிற்று. இங்கோ குருவின் வேலை தாய் சொன்ன பெயரைச் சொன்னபடியே எழுதுவது மட்டுமே. நூலாகாத, விற்பனையாகாத, எந்த வாசகரையும் உருகவைக்க எண்ணாத எழுத்து அது. அதனை நாம் வாசித்ததில்லை. அதனை வெளியிடுமாறு உறவினர் கேட்டுவருகின்றனர்.

2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலிலே தாய்மார் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம் இருந்தது. கொடையாளருக்கு அனுப்பும் படத்தைப் போல அதிலும் பிள்ளை சிலவேளை சிரிக்கிறது. பாடசாலை அடையாள அட்டைக்கு எடுத்த படமாயின் சிரிப்பதில்லை. கீழே தாயின் அயலார் எவரோ எழுதிக்கொடுத்த கையெழுத்திலே முழுப்பெயர், பிறந்த திகதி, ஊர், ஒப்படைத்த இடம்.